கேப்பர் மலை அடிவாரத்தில் ஒரு பிடி தேயிலை

சிங்கப்பூர் போனேன், துபாய் போனேன் என்று ஆளாளுக்குப் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் படித்துக் காட்டுவார். "நீங்களும் எழுதுங்களேன்" என்றார் ஒருநாள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். சிதம்பரத்தை விட்டு நான் போன தூர தேசம் கடலூர்தான். ஆனால் அந்தக் கடலூரில் மூன்று நாள் பர்மாவில் இருந்துவிட்டு வந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே படியுங்கள்.

அறுபதுகளின் நடுவில் பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள் இல்லையா, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. என் மாமியாரின் அண்ணனும் அப்படி வந்தவர்தான். அவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். மீசை முளைக்கும் முன்பே பர்மாவுக்குப் போனவர், தலை நரைத்தபின் பெரியம்மாவையும் மகன் தங்கராசுவையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் ஒரு மாசம் போல இருந்தார்கள். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு அம்மிக்கல் மாதிரி கல், துணி சுற்றிய ஒரு ஜாடி. கொண்டு வந்தது அவ்வளவுதான். அந்த ஜாடியை யாரும் தொடக் கூடாது. அதைப் பற்றிப் பெரியப்பா சமையல்கட்டில் உட்கார்ந்து அத்தையிடம் என்னவோ கதை கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் அடுப்பு வேலையில் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

பிறகு கடலூர்ப் பக்கம் கேப்பர் மலை அடிவாரத்தில், அவர்களைப் போலக் கப்பலில் வந்த பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போய்விட்டார்கள். போன சில மாசத்தில் சொல்லி அனுப்பினார்கள், வசந்தாவைத் தங்கராசுவுக்குக் கேட்டு.

வசந்தா என் நாத்தனார். தங்கராசு முறைப்பையன். கேட்டதில் தப்பில்லை. ஆனால் அத்தைக்கு அண்ணன் மேல் தீராத கோபம். மாமனார் செத்தபோது அண்ணன் வரவில்லை. கடல் தாண்டி எப்படி வருவார் என்று கேட்டால், "பொறந்தவன்னா நீந்தி வரணும்" என்பார். அத்தை மனசில் புவனகிரிக்காரர் ஒருவர் இருந்தார். பம்புசெட்டு வைத்த நிலம், பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளை. பெண் பார்க்க வந்தவர் வசந்தாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பால் கறக்கத் தெரியுமா?"

கடலூருக்குப் போய்ப் பக்குவமாக "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வர ஆள் வேண்டும். மாமனாரின் தம்பி, சின்ன மாமா, பேச்சுக்குப் பேர் போனவர். அவரைப் பிடித்தார்கள். கூட ஒரு பொம்பளை போகாவிட்டால் அவமதித்த மாதிரி ஆகிவிடுமாம்.

"நீ போ" என்றார் அத்தை என்னிடம். "நீதான் வாயத் தொறக்க மாட்ட. பேச்செல்லாம் அவரு பேசிக்குவாரு. நீ ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்க. அங்க எதையும் வாயில போடாத. பாம்பு திங்கற ஊர்ல இருந்து வந்ததுங்க."

எங்கள் வீட்டில் ஒரு மாசம் இட்லியும் கொத்சும் தின்றவர்களுக்கு இப்போது பாம்பு எங்கிருந்து வரும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நான் காய்காரியிடம்கூட விரலை நீட்டித்தான் கத்திரிக்காய் வாங்குவேன். யாராவது நிமிர்ந்து பார்த்துப் பேசினால் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

கிளம்புகிற அன்று விடிகாலை கிணற்றடியில் நிற்கிறேன். கொல்லைக் கொய்யா மரத்தின் மேலிருந்து குரல்.

"அண்ணி."

கல்யாண வயசுப் பெண் மரம் ஏறுகிறாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று அத்தை தலையில் அடித்துக்கொள்வார். வசந்தாவுக்கு மனசு சரியில்லை என்றால் மரத்தின் மேல்தான் இருப்பாள்.

"சித்தப்பா பேசறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க அண்ணி."

"என்னாடி வார்த்தை?"

"எனக்குச் சம்மதம்னு."

"அத நான் எப்பிடிடி அத்தனை பேர் நடுவுல..."

"உங்களால முடியாதுன்னு தெரியும். யாராண்டயாவது சொல்லணும்னு இருந்துச்சி. சொல்லிட்டேன்" என்று இன்னும் மேல் கிளைக்கு ஏறிவிட்டாள்.

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் நான் ரயில் ஏறினேன்.

சின்ன மாமா கையில் துணிப்பை. அதில் எங்கள் இரண்டு பேருக்கும் புளிச்சோறும் கருவடாமும். அவர் பையை மடியிலிருந்து இறக்கவே மாட்டார். "கண்ணசந்தா தூக்கிட்டுப் போயிடுவானுங்கோ" என்பார். பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றதும் மீன் வாசனையோடு டீ வாசனையும் வந்தது. "ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்" என்று பையோடு இறங்கினார். டீக்கடையில் யாரோ தெரிந்தவர் போலிருக்கிறது, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். வண்டி ஊதியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "மாமா" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். எனக்கே கேட்கவில்லை. எதிர் சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த அம்மா, "அந்தப் பெரியவரு உன்கூட வந்தவராம்மா?" என்றார். தலையாட்டினேன். "அட, மொதல்லயே சொல்லக் கூடாது?" என்றார். அதற்குள் உப்பளமும் சவுக்குத் தோப்பும் ஓட ஆரம்பித்துவிட்டன.

கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் இறங்கியபோது கையில் மாற்றுப் புடவை மூட்டையும், முந்தானையில் முடிந்த சில்லறையும்தான். வெளியே ஜட்கா வண்டிகள். ஒரு கிழவர், "எங்கம்மா போவணும்?" என்றார். குரல் வரவில்லை. மேற்கே சிவப்பாகத் தெரிந்த மலையைக் காட்டினேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஏறும்மா, பாத்து ஏறு" என்று திடீர் மரியாதையோடு சொன்னார். கொஞ்ச தூரம் போனதும், "எத்தினி வருசம்மா?" என்றார். எனக்குப் புரியவில்லை. பேசாமல் இருந்தேன். "சரி சரி, சொல்ல வேணாம். கவலப்படாத. என் மச்சான்கூட ரெண்டு வருசம் உள்ள இருந்தான். வெளிய வரச்சொல்ல ஆளு நல்லாத் தேறி வந்தான். நேரத்துக்குச் சோறு பாரு." அப்போதுதான் எனக்கு விளங்கியது. மலை மேல் ஜெயில் இருக்கிறது. தனியாகப் போகிற பொம்பளை, தலையைக் குனிந்து அழுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். வேறு என்ன நினைப்பார்? இல்லை என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் குதிரை ஏற்றத்தில் ஏறி, ஜெயில் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. "அப்பீல் போடும்மா, விட்டுடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலை என்று பேர்தானே தவிர ஏறி இறங்க மூச்சு வாங்காது. எங்கள் கோயில் கோபுரத்தின் மேல் நின்றால் இதைக் குனிந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் என்ன சிவப்பு! சிதம்பரத்தில் களிமண் காலைப் பிடித்து இழுக்கும். இங்கே செம்மண் காலை விட்டுப் புடவையைப் பிடித்தது. சித்திரை கடைசி. இரண்டு பக்கமும் முந்திரிப்பழ வாசனை. வந்த வழியே நடந்து இறங்கினேன். நாக்கு வறண்டு, பசி கண்ணைக் கட்டியது.

அடிவாரத்தில், பாதை திரும்புகிற இடத்தில், ஒரு பலகை மேல் மூன்று மண்பானை. மேலே ஓலைக் கூரை, மூடி, கொட்டாங்குச்சி அகப்பை. ஒருத்தன் குனிந்து பானையை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கை ஏந்தினேன். நிமிர்ந்து பார்க்காமலே ஊற்றினான். "மெதுவா குடிங்கம்மா, வெயில்ல வந்து வேகமாக் குடிச்சா பொரையேறும். அந்தப் பலகையில உக்காந்துட்டுப் போலாம்" என்றான். ஜெயிலுக்கு வந்தவள் என்று அவனும் நினைத்திருப்பான். யாரைப் பார்க்க வந்தீர்கள், என்ன குற்றம், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குடித்துவிட்டு நிமிர்ந்தேன். "அக்கா! நீங்களா?" என்றான். தங்கராசு.

அந்த இடத்தை நான் எப்படிச் சொல்ல? கேப்பர் மலை ஓரமாக, முந்திரிக்காட்டை ஒட்டி, மூங்கில் வீடுகள். வீடெல்லாம் தரையில் இல்லை. முழங்கால் உயரத்துக்குக் கால் நட்டு அதன் மேல் மூங்கில் தரை. நடந்தால் கிரீச் கிரீச் என்று பேசும். பக்கத்து ஊர்க்காரர்கள், "ஆட்டுக் கொட்டாய்க்கு மாடி வெச்சிருக்கானுங்க" என்று கேலி பண்ணுவார்களாம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பானைத் தண்ணீர், போகிறவர் வருகிறவர் குடிக்க. கதவு இருந்தது, யாரும் சாத்திப் பார்க்கவில்லை. பெண்கள் வீட்டுக்குள் பூப்போட்ட கைலி கட்டியிருந்தார்கள். கன்னத்தில் மஞ்சள் மாதிரி வட்டமாகப் பூச்சு. எங்கள் வீட்டில் நான் அம்மிக்கல் என்று நினைத்தேனே, அது அந்தப் பூச்சுக்காக ஒரு வாசனைக் கட்டையை உரசுகிற கல்லாம். எல்லாரும் தமிழ்தான் பேசினார்கள். ஆனால் எண்ணுவது பர்மாக் கணக்கில்.

பெரியம்மா வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் இருந்தபோது ஒரு மாசமும் இது தெரியாமல் எப்படிச் சமாளித்தாரோ! என்னைப் பார்த்ததும் சுருட்டை மறைக்கப் போனார், பிறகு "இது எங்க ஊடு, நான் எதுக்கு மறைக்கணும்" என்று சொல்லி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஏன் பெரியம்மா, டவுன்ல இருக்காம இந்தக் காட்டுல?" என்று பிறகு ஒருதடவை கேட்டேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது.

"அங்க எங்க ஊட்டுக்குப் பின்னால மலை. ராத்திரி அது நிக்கிறது தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும். இங்க வந்து தேடித் தேடிப் பாத்தோம். உங்க ஊர்ப் பக்கம் இருக்கறது இது ஒண்ணுதான். சின்னதுதான், என்னா பண்றது?"

சின்ன மாமாவைத் தேடித் தங்கராசு சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனான். சாயங்கால வண்டியிலும் வரவில்லை. நான் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியப்பாவோ, "மச்சான் வாயி இருக்கே, அது அவர எந்த ஊர்லயும் பொழைக்க வெச்சிடும்" என்று சிரித்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். சேவை மாதிரி அரிசி நூல், அதன் மேல் மீன் போட்டு வாழைத்தண்டு கலந்த குழம்பு, பொரித்த வெங்காயம். அந்த வாசனை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது. எனக்கு அத்தை கண் முன்னால் வந்து நின்றார். "பசி இல்லை" என்றேன். வயிறு அப்போது பார்த்துத்தான் சத்தம் போட வேண்டுமா?

பெரியம்மா என் முகத்தையே பார்த்தார். "உன் மாமியா சொல்லி அனுப்பிச்சாளா, பாம்பு போடுவாங்கன்னு?"

நான் தலையை நிமிர்த்தவில்லை. அவர் கோபப்படவில்லை. எழுந்து போய் அவித்த நிலக்கடலையைத் தோலோடு ஒரு முறம் கொண்டு வந்து வைத்தார். பிறகு முழுப் பலாப்பழத்தை உருட்டிக்கொண்டு வந்தார். "இந்தா, எல்லாம் தோல் இருக்கற பண்டம். நீயே உரிச்சித் தின்னு. இதுக்குள்ள பாம்ப நான் எப்பிடிடி நொழைக்க முடியும்?" இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அன்றும் மறுநாளும் தோல் உள்ளதாகவே தின்றேன். கடலை, பலா, வாழைப்பழம்.

மறுநாள் காலையில் ஒரு சண்டை. கோடி வீட்டுச் சகுந்தலாவின் பப்பாளி மரம் அடுத்த வீட்டு அம்சா வாசலில் சாய்ந்திருந்தது. விழுந்த காயை அம்சா அறுத்து எண்ணெயில் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் தமிழச்சிகள்தான், சண்டை பர்மாப் பாஷையில் நடந்தது. பெரியம்மா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

"மரம் உன் ஊட்டப் பாத்து வளந்தா உனக்குச் சொந்தமா, அப்ப என் புருசன்கூட அந்தப் பக்கம் பாத்துதான் பல்லு வெளக்கறான்னு கேக்கறா."

"அய்யய்யோ!"

"இரு. இவ சொல்றா, உன் புருசன வெச்சிக்க, பப்பாளியக் குடு, அதாவது ஒதவும்னு."

"தமிழ்ல திட்டிக்க மாட்டாங்களா பெரியம்மா?"

"எங்களுக்குத் தமிழ்ல தாலாட்டுதான் தெரியும்டி. திட்டறதுக்கு எல்லாம் அந்தப் பாஷைதான்."

சண்டை முற்றியதும் காசிம் பாய் வந்தார். தையல்காரர். காலனியில் எல்லாரும் அவர் பேச்சுக்குக் கட்டுப்படுவார்கள். அவர் கையில் ஒரு மரத்தட்டு. பல அறையாகத் தடுத்த தட்டு. சுற்றிலும் வறுத்த கடலை, எள், பொரித்த பூண்டு, மொச்சை. நடுவில் கரும்பச்சையாக, எண்ணெய் மினுக்க, ஊறவைத்த தேயிலை. பர்மாவில் அதற்கு ஒரு பேர் சொன்னார்கள், என் நாக்கில் நிற்கவில்லை. நாம் தேயிலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறோம், அவர்கள் ஊறவைத்துத் தின்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரையும் தொட விடாமல் வைத்திருந்தார்களே, அந்த ஜாடியில் இருந்தது இதுதான். வீட்டில் வைத்தால் தின்றே தீர்த்துவிடுவோம் என்று பெரியம்மா அதைப் பாயிடம் கொடுத்து வைத்திருந்தார். இனிமேல் அந்த இலை கிடைக்காது. அதனால் வழக்கு என்று வந்தால் மட்டும்தான் தட்டு வெளியே வரும்.

பாய் தட்டை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். சகுந்தலா ஒரு பிடி இலையை எடுத்து வாயில் போட்டாள். அம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் ஒரே ஒரு கடலையை எடுத்தாள்.

"கடலை கணக்குல வராது தாயி. எலைய எடு" என்றார் பாய்.

எல்லாரும் காத்திருந்தார்கள். அம்சா கடைசியில் இலையை எடுத்தாள். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் இன்னொரு பப்பாளியைப் பறித்து ஆளுக்குப் பாதியாகச் சீவிக்கொண்டிருந்தார்கள்.

"எலையத் தின்னா முடிஞ்சிது" என்றார் பெரியம்மா. "ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். கொடுக்கல், வாங்கல், கல்யாணம், காச்சி எதுவா இருந்தாலும் சரி. அதுக்கு அப்பறம் அந்தப் பேச்ச எடுத்தா ஒருத்தரும் தண்ணி பொழங்க மாட்டாங்க. ராசா வந்தாலும் மாத்த முடியாது."

அன்று சாயங்காலம் தங்கராசு பானைகளுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தான். ஊற்று மலை ஓரம் கொஞ்சம் தள்ளி இருந்தது. காலையில் சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவன். எவர் எவர் வீட்டுப் பெண்களோ ஜெயிலுக்குப் போய்க் கண் சிவந்து இறங்குவார்கள், அவர்களுக்காக. என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவிட்டு நின்றான். என்னமோ கேட்க வருகிறான் என்று தெரிந்தது. அவனும் என்னை மாதிரிதான், வார்த்தை வருவதற்குள் காது சிவந்துவிட்டது.

"அக்கா, அந்தக் கொய்யா மரத்துல வசந்தா இன்னும் ஏறுதா?"

"ஏறுது."

"மேக்கால போற கெளை உளுத்திருக்கு. அதுல மட்டும் கால வெக்க வேணாம்னு சொல்லுங்க. நான் அங்கருந்து வரச்சொல்லவே சொல்லணும்னு இருந்தேன்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இத்தனை வருஷமாக அந்த மரத்தடியில் நின்று நாங்கள் எல்லாரும் அவளை இறங்கு, இறங்கு என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

மூன்றாம் நாள் காலை பெரியப்பா சொன்னார்: "மச்சான் வர்றாரோ இல்லையோ. நீ வந்திருக்கற. அந்தூட்டு மருமவ. ஒங்கிட்டயே கேட்டுடறோம்." நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் முற்றத்தில் பாய் விரித்தாகிவிட்டது. காலனி முழுக்கக் கூடி உட்கார்ந்தது. சகுந்தலாவும் அம்சாவும் ஜோடியாக முன்வரிசையில். காசிம் பாய் தட்டைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"ஜாடி அடி தெரிஞ்சிடுச்சி தாயி" என்றார். "இதோட இன்னும் ஒரு தட்டு வரும், அவ்ளோதான். நல்ல காரியத்துக்குப் போகட்டும்னு வெச்சிருந்தோம்."

சம்மதம் என்று ஒரு வார்த்தை. அது வசந்தாவின் வார்த்தை, என் தொண்டையில் நின்றது. அத்தனை கண்களும் என் மேல். ஊமை மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பாதையில் குரல். "யப்பா, ஒரு வழியா வந்து சேந்தேன்!" சின்ன மாமா. தோளில் ஒரு பண்ருட்டிப் பலாப்பழம், கையில் அந்தத் துணிப்பை, நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி.

"எங்க மச்சான் போயிட்டீங்க?" என்றார் பெரியப்பா.

"அத ஏன் கேக்கறீங்க? அடுத்த வண்டியில ஏறினனா, கொஞ்சம் கண்ண மூடினேன், தொறந்து பாத்தா விழுப்புரம். சரி, பஸ்ஸுல வரலாம்னு வந்தா பண்ருட்டி. திருவதிகை சாமி கூப்புட்டுட்டாரு. கூப்புட்டா போவாம இருக்க முடியுமா? அப்பறம் மேல்பட்டாம்பாக்கத்துல பஸ்ஸு நின்னுபோச்சி. அங்க ஒரு சிநேகிதன் ஊட்டுல..." பேசிக்கொண்டே உட்கார்ந்தவர் கண்ணில் தட்டு பட்டது. ஒரு கை அள்ளி வாயில் போட்டார். காலனியே மூச்சை இழுத்தது. பெரியம்மா எழுந்தே விட்டார்.

பாய் எட்டிப் பார்த்தார். "கடலை" என்றார். "கடலை கணக்குல வராது."

எல்லாரும் மறுபடி உட்கார்ந்தார்கள். சின்ன மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கடலையை மென்று விழுங்கிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு எனக்குத் தெரியும். அத்தை சொல்லிக் கொடுத்ததை ஆரம்பிக்கப் போகிறார்.

"மச்சான், நீங்க பெரியவங்க. உங்களுக்குத் தெரியாததா? ஒறவு விட்டுப் போவக் கூடாது, அது வேற. ஆனா இந்த வெசயத்துல நம்ம அண்ணி என்னா நெனக்கறாங்கன்னா..."

நான் கையை நீட்டினேன். நடு அறையில் இருந்த இலையை, இரண்டு விரலால் அல்ல, ஐந்து விரலும் படிய ஒரு பிடி அள்ளினேன். வாயில் போட்டேன்.

கசப்பு. அதற்குப் பின்னால் புளிப்பு. எண்ணெயும் உப்பும் வேறு. மூன்று நாளில் தோல் இல்லாத பண்டமாக நான் தின்ற முதல் வாய். தொண்டையில் நின்றிருந்த வார்த்தையும் அதோடு சேர்ந்து உள்ளே இறங்கியது.

முற்றத்தில் ஒரே கூச்சல். பர்மாப் பாஷையில் என்னென்னவோ சொன்னார்கள். பெரியம்மா எனக்கு மாற்றிச் சொல்லவில்லை, அழுதுகொண்டிருந்தார். தங்கராசு தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"என்னா? என்னா ஆச்சி? நான் இன்னும் பேசவே இல்லியே!" என்றார் சின்ன மாமா.

"இனிமே பேச்சு கெடையாது மச்சான்" என்று பெரியப்பா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சின்ன மாமா என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் மெதுவாக ஒரு இலையை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"கசக்குது" என்றார். பிறகு, "ஆனா இன்னும் ஒரு வாய் கேக்குது" என்றார்.

அன்று மதியம் மீன் குழம்பு ஊற்றிய அந்த அரிசி நூலை மூன்று தடவை வாங்கித் தின்றேன். பாம்பு இருந்திருந்தால் அதையும் தின்றிருப்பேன்.

அந்தக் காலனி இப்போது இல்லை. கொஞ்சம் பேர் மெட்ராசுக்குப் போய்ச் சாமான் விற்றார்கள், கொஞ்சம் பேர் பாண்டிச்சேரிப் பக்கம் போனார்கள். காசிம் பாய் மௌத்தாகிவிட்டார். ஜாடி தீர்ந்ததும் முருங்கை இலையை ஊறப்போட்டுப் பார்த்தார்களாம். முருங்கை இலையில் ஒரு சண்டையும் தீரவில்லை என்று பெரியம்மா சொல்வார். போன வருஷம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். மூங்கில் வீடு இருந்த இடத்தில் மச்சு வீடுகள், எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு வாசலிலும் பானை இல்லை. மலை மட்டும் அப்படியே சின்னதாக நின்றுகொண்டிருந்தது.

அந்தத் தடவை ஊருக்குத் திரும்புகிற ரயிலில் சின்ன மாமா பரங்கிப்பேட்டையில் இறங்கவில்லை. "நான் வண்டிய விட்டத அண்ணிகிட்ட சொல்லிடாதம்மா" என்றார். "நீ எலை தின்னத நான் சொல்ல மாட்டேன். அவுங்க கேட்டா நீயே சொல்லிக்க."

வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். சின்ன மாமா, "மொதல்ல குளிச்சிட்டு வந்துடறேன் அண்ணி" என்று கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

"பேசினாரா?"

"ஆரம்பிச்சாரு அத்தை."

"நீ ஏதாச்சும் பேசினியா?"

"நான் வாயே தொறந்து பேசல அத்தை."

அவர் என் முகத்தையே பார்த்தார். என் புடவை ஓரத்தில் செம்மண்.

"அங்க எதையாவது வாயில போட்டியா?"

எனக்குப் பொய் வராது. "கொஞ்சம் அந்தத் தட்டுல இருந்து..." என்றேன்.

அத்தை கேட்ட கேள்வியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பாம்பைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"கடலையா, எலையா?"

சமையல்கட்டில் பெரியப்பா சொன்ன கதையெல்லாம் அவர் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. அன்றைக்கு என்னவோ குரல் சரியாக வந்தது.

"எலை அத்தை. ஒரு பிடி."

அத்தை வாசற்படியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"அவள எறங்கச் சொல்லு. எவ்ளோ நேரமா மரத்து மேலயே உக்காந்திருக்கறா."

நான் கொல்லைக்கு ஓடினேன். இலைகளுக்கு நடுவே இரண்டு பாதம் தெரிந்தது.

"வசந்தா," என்றேன், "மேக்கால கெளையில மட்டும் கால வெக்காம எறங்கு. அது உளுத்திருக்காம்."

மேலேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை.